குதிரைக்குப் பூசிய சிவப்பு

குதிரைக்குப் பெயின்ட் அடிப்பது பெரிய வேலையில்லை மேடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பழைய பூச்சைத் தேய்த்துவிட்டு, தூசு துடைத்து, நிதானமாக அடித்தால் நன்றாகப் பிடிக்கும். நான் நன்றாகத்தான் அடித்திருந்தேன்.

குழந்தைகள் ஏறி ஆடுகிற மரக்குதிரை அது. செகந்திராபாத்தில் அப்பா வீட்டுக் கூடத்தில் நான்கு தலைமுறையாக நிற்கிறது. கொள்ளுத்தாத்தாவின் வேலையை மெச்சி வெள்ளைக்காரத் துரை ஒருவர் பரிசளித்தார் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ரயில்வே பட்டறையில் மிஞ்சிய தேக்கைக் கொள்ளுத்தாத்தாவே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து செதுக்கியிருப்பார் என்பது என் அனுமானம். துரை கொடுத்த குதிரைக்கு ஒரு காது பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருக்காது. ஆனாலும் ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைப்பார்கள். ஒரு மரக்கட்டைக்கு.

அதில் பையன்கள் மட்டும்தான் ஏறலாம். நான் ஏறியதில்லை. அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். என் மகள் நீலா மூன்று வயதில் ஒருநாள் ஏறி உட்கார்ந்தாள். அப்பா வந்து அவளைத் தூக்கி இறக்கினார்.

"நக்கோ பாப்பா, வேணாம், எறங்கு. பையனுங்க ஏறுற குதிரை இது."

"எந்துகு தாத்தா?" என்றாள் நீலா. ஏன் என்று கேட்பதற்கு அவளுக்குத் தெலுங்குதான் முதலில் வரும்.

அப்பா சிரித்தார்.

சென்ற வருஷம் என் தம்பி தீபக்கின் மகன் கோபிக்கு முதல் பிறந்தநாள். குதிரையை அவனுக்குக் கொடுக்க ஒரு விழா. அதற்குமுன் தம்பி மனைவி ஸ்ரீலேகா எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நீங்க பெயின்ட் கம்பெனியிலதானே இருக்கீங்க? மாமாவுக்கு அதே பழைய சிவப்பு வேணுமாம். இப்ப கடையில வர்றதெல்லாம் ஆரஞ்சு மாதிரி இருக்குன்றார்."

மல்லாபூர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. இரும்புக்கு அடிக்கிற ஈயம் சேர்ந்த பழைய சிவப்பு ஒரு டின், அழிப்பதற்காக ஒதுக்கி வைத்தது, அங்கே இருந்தது. அதே நிறம். அவர்கள் நிறத்தைக் கேட்டார்கள், நான் நிறத்தைக் கொடுத்தேன். அப்பா குதிரையைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கினார். என் கல்யாணத்தில் கலங்காத கண்.

கோபிக்குப் பல் முளைக்கும் சமயம். அவன் குதிரையின் காதைச் சப்புகிற வீடியோவை ஸ்ரீலேகா குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். எல்லோரும் இதயம் போட்டார்கள். நானும் போட்டேன்.

அவன் என்னை "அத்த" என்று தெளிவாகக் கூப்பிடுவான். முதலில் அந்த வார்த்தை போயிற்று. பிறகு மற்றவை. ஸ்ரீலேகா என்னிடம்தான் வந்து கேட்டாள். பையன்கள் லேட்டாகத்தான் பேசுவார்கள் என்றேன். அந்த வீட்டில் எடுபடக்கூடிய விளக்கம் அது. ஒருநாள் வலிப்பு வந்தது. ரத்தத்தில் ஈயம் என்று டாக்டர் சொன்னதும் தீபக் தண்ணீர்க் குழாய்களை மாற்றினான். மஞ்சள்தூளைக் கொட்டினான், கண்மையை எறிந்தான். குதிரையை யாரும் சந்தேகப்படவில்லை. குலதெய்வத்தை யார் சந்தேகப்படுவார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குழந்தை அழுகிறான் என்று அதன்மேலேயே உட்காரவைத்தார்கள். விழுந்துவிடாமல் முதுகைப் பிடித்துக்கொண்டவள் நான்.

எல்லாவற்றையும் பரிசோதிக்கும்படி டாக்டர் சொன்னபோது, வீட்டில் இருந்த ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் கட்டி, ஏ.எஸ்.ராவ் நகரில் என் வீட்டுக்கே கொண்டுவந்தான் தீபக்.

"நீயே டெஸ்ட் பண்ணிச் சொல்லுக்கா. உன்னைவிட வேற யாரை நம்பறது?"

குதிரைப் பொட்டலத்தை நான் பிரிக்கக்கூட இல்லை. "குதிரை சுத்தம்டா" என்றேன். ஸ்ரீலேகா யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொன்றிலும் பாதியை வேறொரு லேபுக்கு அனுப்பியிருந்தாள். குதிரையில்தான் ஈயம் என்று அங்கே முடிவு வந்தது. அந்த வீட்டில் மூளையுள்ளவள் அவள் ஒருத்திதான். இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவில்லை.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். ஈயத்தை அளப்பதே என் வேலை. தெரியாது என்றால் என் படிப்புக்குத்தான் அவமானம். தெரிந்துதான் அடித்தேன். குழந்தைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவனுக்குப் பேச்சு திரும்புமா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லையாம். நான் என்ன சொல்ல முடியும்? ஒரு மரக்கட்டையைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்களுக்கு, அது வெறும் மரக்கட்டை என்று ஒருநாள் புரிய வேண்டியிருந்தது.

குதிரையைச் சாட்சிப் பொருளாக எடுத்து வந்திருப்பதாகச் சொன்னீர்கள். வழக்கு முடிந்ததும் அதை அப்பாவிடம் கொடுக்க வேண்டாம், நீலாவுக்குக் கொடுத்துவிடுங்கள். பூச்சை நானே சுத்தமாக எடுத்துத் தருகிறேன். அதுவரை வெயில் படாத இடத்தில் வையுங்கள் மேடம். மரம் வெடித்துவிடும்.