மாப்பிள்ளை வாங்கித் தந்த ஸ்பீக்கர்

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்த வாக்குமூலத்தில் மேலே எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்து மூன்று. லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். மேற்படி முகவரியில் கீழ்வீட்டில் நான் தனியாகவும், மாடியில் என் தங்கையும் அவள் கணவரும் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். தங்கை வீட்டிலேயே துணி தைக்கிறாள். மாப்பிள்ளை தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று தெருவில் அவருக்குப் பெயர்.

காலை ஷிப்டு முடிந்து வந்ததும் தினமும் மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரை கிதாரில் ப்ளூஸ் வாசித்துப் பழகுவது என் வழக்கம். அதற்கென்று டிரம்மும் பேஸ் கிதாரும் மட்டும் பதிந்த டிராக்குகள் இருக்கின்றன. பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டம், ஓடி மறுபடி முதலிலிருந்து வரும். அதன்மேல் நாமாக மனதில் தோன்றியதை வாசிக்க வேண்டும். முதலில் ஹெட்போனில்தான் பழகினேன். சென்ற ஆண்டு மாப்பிள்ளை தானாகவே ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கி வந்து, "காதுல மாட்டிக்கிட்டு எதுக்கு மச்சான், நல்லா சத்தமா வாசிங்க, நாங்களும் கேக்குறோம்" என்றார். அதன்பின் அப்படியே வாசித்தேன். மதியம் சாப்பிட வருபவர் நான் வாசித்து முடித்த பிறகே பட்டறைக்குத் திரும்புவார்.

தப்பு தெரிவதற்காக வாசிப்பதை போனில் பதிந்துகொள்வேன். கடந்த புதன்கிழமை வேலையிடத்தில் லிஃப்ட் கூண்டின்மேல் உட்கார்ந்து முந்தைய நாள் பதிவைக் கேட்டேன். ஒன்பதாவது பாரில் வாசிக்காமல் இடம் விட்டிருந்தேன். அந்த இடத்தில் தாளத்தோடு சேராத ஓர் அடி கேட்டது. அடுத்து "அண்ணா" என்று கேட்டது. என் தங்கையின் குரல். அதன்பின் பழைய பதிவுகளையும் கேட்டேன். ஏழு பதிவுகளில் அதே சத்தம் இருந்தது.

அதன்பின் வீட்டுக்கு வந்து, மூன்று மணிக்கு வழக்கம்போல் டிராக்கைப் போட்டுவிட்டு, கிதாரைத் தொடாமல், பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவருகே நின்றேன். இரண்டாவது சுற்றில் உள்ளே அடி விழுந்தது. கதவை உதைத்துத் திறந்தேன். தங்கை தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள். வாயில் வெட்டுத்துணி திணிக்கப்பட்டிருந்தது. அவர் கையில் அவளுடைய இரும்பு அளவுகோல் இருந்தது. என்னைப் பார்த்து, "என்ன மச்சான், இன்னிக்கு வாசிக்கலையா?" என்றார்.

அதன்பின் அவர் வலது முழங்கையில் அடித்தேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அடுத்து தோளில். விழுந்தவரை முழங்காலில் இரண்டு முறை, தாடையில் ஒரு முறை. கீழ்வீட்டில் டிராக் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை வாயிலிருந்த துணியைப் பிடுங்கிவிட்டு, "போதும்ணா, செத்துடுவாரு" என்றாள். அதைக் கேட்ட பிறகும் ஓர் அடி அடித்தேன். அவர் என்னைத் தாக்கவில்லை. தற்காப்புக்காக அடித்ததாகச் சொல்லும்படி வக்கீல் சொன்னார். அது பொய் என்பதால் சொல்லவில்லை. மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டதாகவும், இனி அந்தக் கை மடங்காது என்றும் அறிந்தேன்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது தங்கை, "இத்தன நாளா உனக்குக் கேக்கவே இல்லையாண்ணா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். அது உண்மையல்ல. மழைக்காலத்தில் ஒருநாள், ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மாடியில் அவள் அழுவது கேட்டது. புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு என்று ஒலியைக் கூட்டி வைத்து வாசித்தேன். அன்று நன்றாக வாசித்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியோ குறைத்தோ எதுவும் எழுதப்படவில்லை. இதில் உள்ளது அத்தனையும் உண்மை. இதன் ஒரு பிரதியை என் தங்கைக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)