நல்ல ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்

அவையைத் தாங்கி அமர்ந்திருக்கும் தலைவர் ஐயா அவர்களே, சிறுநீரகப் பிரிவின் பெரிய டாக்டரம்மா அவர்களே, வாரத்தில் மூன்று நாள் ஊசிக்குக் கை நீட்டிவிட்டு நாலாம் நாள் எங்களை நலம் விசாரிக்கும் பெரியவர்களே, குடல் நோயோடு குடும்பத்தையும் சேர்த்துச் சுமக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் நடுக்கம் நிறைந்த வணக்கம்.

ஆம், நடுக்கம்தான். மைக்கைக் கண்டு வந்த நடுக்கம் அல்ல, உங்களைக் கண்டு வந்தது.

எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் அறையில் பதினொரு வருடமாக நிற்பவள் நான். படுங்கள், அசையாதீர்கள், எழுந்திருங்கள். இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு அறியாதவள்.

தையல்கார அண்ணனை நினைவிருக்கிறதா? டயாலிசிஸ் வார்டில் நாலாம் கட்டில். படுத்தபடியே நர்ஸம்மா சட்டையில் காஜா கோணல் என்று குறை சொல்வாரே, அவர்தான். போன வருடம் ஸ்கேன் மேசையை விட்டு இறங்கியவர், "தங்கச்சி, எலும்பு தேறுமா?" என்று கேட்டார்.

முதுகெலும்பைப் படம் எடுத்திருந்தேன். எண் வந்தது. நல்ல எண். "கல்லு மாதிரி இருக்குண்ணே, நீங்க ஏன் பயப்படுறீங்க?" என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

வீட்டில் அண்ணி அவரை ஸ்டூலில் ஏற விட்டதே இல்லை. "கல்லுன்னு சொல்லிட்டாங்கடி" என்று ஏறினார், மேல் அலமாரித் துணியை எடுக்க. ஒரே ஒரு படி உயரம். இறங்கி ஊன்றிய காலில் இடுப்பெலும்பு போய்விட்டது. அவர் விழுந்து முறியவில்லை ஐயா, முறிந்து விழுந்தார். ஆறு வாரம் படுக்கை. ஏழாம் வாரம் நாலாம் கட்டில் காலி.

கல்லாய் இருந்தது எப்படிக் கரைந்தது? காட்டியது மெஷினா, கண்டவள் நானா, யார் செய்த பிழை?

டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக் குழு பத்து நாள் முன்பு அவருடைய பழைய எக்ஸ்ரேக்களைத் தேடி எடுத்தது. பக்கவாட்டுப் படம் ஒன்றில் தெரிந்தது. எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்புச் சத்து, முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயின் சுவரில் படிந்திருந்தது. நேரே பார்க்கும் மெஷினுக்கு இரண்டும் ஒன்று. குழாயின் சுண்ணாம்பையும் எலும்பென்று கூட்டிச் சொன்னது. அது சொன்னதை நான் சொன்னேன்.

குடல் நோய்க்காரர்களே, நமக்கில்லை என்று பெருமூச்சு விடாதீர்கள். உண்ட சத்தை உங்கள் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. வீக்கத்துக்குத் தின்னும் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கிற எலும்பையும் அரிக்கும். வலிக்காது. வலித்தால்தான் தேவலையே. அதனால்தான் ஆராய்ச்சியில் உங்களையும் சேர்த்திருக்கிறார்கள்.

என்ன, பின்வரிசையில் என்ன? "நான் நல்லாத்தாம்மா நடக்கிறேன், எதுக்கு இன்னொரு ஸ்கேன்?" என்கிறார் அண்ணன். நடங்கண்ணே, யாரு வேணாம்னா? நேரா என் ரூமுக்கே நடந்து வாங்க.

சிரிக்கிறீர்கள். தையல்கார அண்ணனும் நன்றாகச் சிரிப்பார்.

இந்த மண்டபத்தில் நாற்பத்தொரு பேர் கையில் நான் கையெழுத்திட்ட நல்ல ரிப்போர்ட் இருக்கிறது. இடுப்பையும் மணிக்கட்டையும் புதிதாகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுப் படமும் வேண்டும். கையில் வாங்கிய நல்ல சேதியைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? நீங்கள் வரமாட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. வருவதற்குள் எங்காவது கால் வழுக்குமோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர், தூணோரம் அமர்ந்திருக்கும் என் அம்மா. ஐந்து வருட டயாலிசிஸ். "நல்லா இருக்கும்மா" என்று நான் சொன்ன தைரியத்தில் மொட்டை மாடிக்குத் தனியே துணி காயப்போடப் போகிறார். பத்து நாளாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நாலு பேரைக் கூட்டி மேடை போட்டால்தான் வாய் வருகிறது. அம்மா, அந்த ரிப்போர்ட்டை நம்பாதே.

எழுந்துவிட்டார். கொஞ்சம் மைக்கை அங்கே கொடுங்கள்.

கேட்டீர்களா? "அதான் பத்து நாளா எனக்கு முன்னால முன்னால படியிறங்குறியாடி?" என்கிறார்.

ஆமாம்மா. நீ விழுந்தா என் மேல விழட்டும்னுதான்.

நாளைக் காலை எட்டு மணிக்கு அறை திறந்திருக்கும். முதலில் அம்மா, அடுத்து நீங்கள். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக எழுந்திருங்கள்.