பிரியாணிக் கறை போன டை

"முடிச்சு எங்கடி போச்சு?"

மாரிக்குப்பத்தில் கிளம்பிய காலை ரயிலில் எங்கள் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எதிர் சீட்டில் ஒரு இளம் தம்பதி. பெங்களூரில் அவனுக்கு இன்டர்வியூவாம். அவன் கையில் ஒரு நீல டை, நாடா மாதிரி நீளமாகத் தொங்கியது.

"பிரியாணி எண்ணெ எப்படிப் போச்சுன்னு பாருங்க! நேத்து பூரா பவுடரக் கொட்டி வெச்சேன், அப்படியே உறிஞ்சிக்கிச்சு. ஒரு சொட்டுத் தண்ணி படல. மேல துணி போட்டுத்தான் அயர்ன் பண்ணேன்."

"அதெல்லாம் சூப்பர். முடிச்ச ஏன் அவுத்த?"

"முடிச்சோட எப்படி அயர்ன் பண்றது? அவுத்தா இன்னா இப்போ? திரும்பப் போட்டுக்குங்க."

"எனக்கு எங்க தெரியும்? எங்க அக்கா போட்டுக் குடுத்த முடிச்சத்தான் மூணு வருஷமா தலைவழியா மாட்டிக்கினு இருந்தேன்!"

அவள் தாலிக் கயிற்றை வெளியே எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"இதுல மூணு முடிச்சு போட்டீங்களே, அது மட்டும் தெரிஞ்சுதா?"

"அதுல நான் போட்டது ஒண்ணுதான். மீதி ரெண்டும் எங்க அக்கா!"