தங்கச்சி குரலில் வந்த அழைப்பு

ஈசூன் நிலையத்தில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"போன்ல, ஏஐ வச்சு, என் தங்கச்சி குரல்லயே யாரோ அழுதாங்கக்கா," என்றாள் இளையவள். "ஆக்சிடெண்ட்டாம், உடனே பணம் அனுப்பணுமாம்."

"அனுப்பிட்டியா?"

"அனுப்பத்தான் போனேன். ஆனா கட் பண்ணிட்டு, அவ நம்பருக்கு நானே அடிச்சேன். ஆபீஸ்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. அதக் கேட்டதும் நான்தான் அழுதேன். இப்ப எங்களுக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை இருக்கு. அவசரம்னு கூப்பிட்டா முதல்ல அதைத்தான் கேப்போம்."

மூத்தவர் உடனே கைப்பேசியை எடுத்துக் கணவரை அழைத்தார். "என்னங்க, நமக்கும் ஒரு ரகசிய வார்த்தை வேணும்லா. சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்க."

பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குக் கேட்கவில்லை.