மழைக்குழாய் வாயில் ஒரு துண்டு

மழை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பெய்யும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நின்ற பிறகு வருவதுதான் தொல்லை.

என் பெயர் அன்புக்கரசி. வயது அறுபத்தொன்று. நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வருடம் தட்டச்சராக இருந்தேன். இந்த மாதிரி வாக்குமூலங்களை நூற்றுக்கணக்கில் அடித்தவள். அதனால் நீங்கள் கேள்வி கேட்டுச் சிரமப்பட வேண்டாம். வரிசையாக நானே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றதும் மதுக்கரைப் பக்கம் ஒரு சைட் வாங்கி வீடு கட்டினேன். அந்த வரிசையில் இரண்டே வீடுகள். ஒன்று என்னுடையது, இன்னொன்று கிருபாசங்கருடையது. மற்றதெல்லாம் காலி மனை. அவர் பம்புசெட் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். மனைவி கோகிலவாணி, மகள் கனிஷ்கா. நல்ல குடும்பம், நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அவர் வீட்டு மொட்டைமாடியில் தேங்கும் தண்ணீர் ஒரு பைப் வழியாக இறங்கி, பைக் நிறுத்தும் தகரக் கொட்டகை மேல் விழும். அது என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே. மழை விட்டு நாலு மணி நேரம் ஆனாலும் சொட்டும். சீராகச் சொட்டினால் பொறுத்துக்கொள்வேன். ஐந்து சொட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு சொட்டு, நீண்ட நிறுத்தம். தட்டச்சு வகுப்பில் முதல் வாரம் சேர்ந்த பிள்ளை அடுத்த எழுத்தைத் தேடுவது போல இருக்கும். மத்தியானம் கண்ணை மூடினால் என் விரல்கள் தாமாகவே அசையும், அந்த வரியை அடித்து முடித்துவிட.

முறையாகத்தான் சொன்னேன். "பாக்கறனுங்க்கா" என்றார். பார்க்கவும் செய்தார். பிளம்பர் பிரான்சிஸை அனுப்பினார். பிரான்சிஸ் பைப்புக்குள் ஒரு தேங்காய்நார்க் கயிறு விட்டார். தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வழியும் என்றார். இரண்டு நாள் வழிந்தது. பிறகு கயிறு ஊறி, குப்பை சேர்ந்து, அதன் நுனியிலிருந்தே சொட்டியது. தகரத்தின் மேல் சாக்கு விரித்தோம். 'டொக்' என்று கேட்டது 'தொப்' என்று மாறியது, அவ்வளவுதான். "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா, பழகிக்கங்க" என்றார் பிரான்சிஸ். அவரை நான் ஒன்றும் செய்யவில்லை.

தீபாவளிக்கு அவர்கள் உடுமலைப்பேட்டை போனார்கள், மனைவியின் அம்மா வீட்டுக்கு. சத்தம் தாங்கவில்லை என்று நான் போன் செய்தேன். பட்டறைக்கு இன்னும் ஒரு வாரம் லீவு இருந்தும், எனக்காகவே கிருபாசங்கர் மட்டும் சனிக்கிழமை காலை திரும்பி வந்தார். அப்படிப்பட்ட மனிதர். அவர்கள் மாடிக்குப் படி இன்னும் கட்டவில்லை. என்னுடைய அலுமினிய ஏணியை நீட்டிச் சாத்தினேன். ஏறினார். சற்று நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க்கா, ஓட்டையில துண்டை வெச்சு அமுக்கிப் புடிச்சிருக்கறனுங்க. இப்பச் சத்தம் வருதுங்களா?"

வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன், விரல்கள் அசையவில்லை.

"இல்லீங்க தம்பி."

"அப்ப எறங்கட்டுங்களா?"

கையை எடுத்தார். டொக்.

"இன்னுங் கொஞ்ச நேரம் புடிச்சுக்கங்க தம்பி."

"செரிங்க்கா."

உள்ளே போய்ப் படுத்தேன். மூன்று மாதத்தில் முதல் தூக்கம். ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்து வந்தால், மனிதர் அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"கை மரத்துப்போச்சுங்க்கா. ஏணியக் கொஞ்சம் புடிக்கறீங்களா?"

பிடித்தேன். பிடித்து, மடக்கி, என் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். ஏணி என்னுடையது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பொருளுக்கு நான் ஆசைப்பட்டதில்லை.

துண்டை மட்டும் அடைத்து வைத்தால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. துண்டு பத்து நிமிடத்தில் ஊறிவிடும். அதைப் பிழிந்து, பின்பக்கக் காலி மனையில் ஊற்றிவிட்டு, மறுபடி வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைத் துண்டே செய்யாது.

முதல் நாள் அவர் "ஏனுங்க்கா, ஏனுங்க்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதுவும் ஒழுங்கான இடைவெளியில் இல்லை. எனவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சத்தம் வராத வேளைக்குச் சாப்பாடு உண்டு. என் மாடியிலிருந்து, முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியில் தூக்குவாளியை மாட்டி நீட்டுவேன். இடையில் பன்னிரண்டு அடி. தொரட்டி எட்டும், ஆள் தாண்ட முடியாது. காலையில் இட்லி, மத்தியானம் அரிசியும்பருப்பு சாதம் நெய் விட்டு. தினம் ஒரு துவைத்த துண்டு. இருக்க இடமும் இருந்தது. அந்த வாரம் முழுக்க விட்டு விட்டு மழை, ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் படாது. ஞாயிறு மாலை ஒருமுறை தும்மினார். இரவுச் சாப்பாடு போகவில்லை. அதன் பிறகு துண்டை வாயில் வைத்துத் தும்மப் பழகிக்கொண்டார். கெட்டிக்காரர்.

அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது, போன் சாப்பாட்டு மேசையில் கிடந்தது, அதற்கும் பூட்டுப் போடாமல். வீட்டார் பயப்படக் கூடாதே என்று நானே பதில் போட்டேன். கூப்பிட்டால் 'டவர் இல்லை' என்று மெசேஜ் அனுப்புவேன். 'சாப்ட்டீங்களா?' என்று கேட்டால் 'சாப்ட்டேன், நீ சாப்ட்டியா, அத்தை முழங்கால் வலி எப்படி இருக்கிறது?' என்று விசாரிப்பேன். அதுதான் பிசகிவிட்டது. உங்களிடமே கோகிலவாணி சொன்னாளே: "பன்னெண்டு வருசத்துல எங்கம்மா முழங்காலப் பத்தி ஒருக்காக்கூடக் கேட்டதில்லீங்க. அப்பவே எனக்குத் திக்குனு ஆயிருச்சு." புதன்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே மகளோடு வந்துவிட்டாள்.

குழந்தைதான் முதலில் அண்ணாந்து பார்த்தது. "அப்பா, அங்க என்ன பண்றீங்க?"

கிருபாசங்கர் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, உதட்டில் விரலை வைத்தார். 'பேசாதே கண்ணு' என்பது போல.

கோகிலவாணி போட்ட கூச்சல் இருக்கிறதே, அதைப் பற்றி நான் புகார் கொடுக்கப் போவதில்லை. தாங்கிக்கொண்டேன். ஏணியை நானே கொண்டுவந்து சாத்தினேன்.

ஆக, ஏணியை எடுத்தது நான். ஐந்து நாள் அவரை மாடியில் வைத்திருந்தது நான். அவர் பெயரில் பதில் எழுதியதும் நான். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஐந்து கிலோ குறைந்திருக்கிறார், விரல் தோல் உரிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கட்டாயப்படுத்தினேன் என்று எழுதாதீர்கள். அந்த ஐந்து நாளில் கீழே இறங்க வேண்டும் என்று அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நானும் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்தார். கைகூப்ப முயன்றார், முடியவில்லை. மெதுவாக, "வாரனுங்க்கா" என்றார்.

நீங்கள் எல்லோரும் காதால் கேட்டீர்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை கனமழை என்கிறார்கள். அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று மட்டும் ஆஸ்பத்திரியில் கேட்டுச் சொல்லுங்கள்.