வடியாத வீக்கம்

நான் ரொட்டி சுட்டால் மாடிவீட்டுக்காரர்கள்கூட ஜன்னலைத் திறந்துவைப்பார்கள், சார். பேக்கரியில் மாவு பிசைந்தே காய்த்துப்போன கை இது. என் சமையலை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

என் மனைவிக்கு இதயம் பலவீனம். உப்பைக் குறைக்காவிட்டால் உடம்பில் நீர் தங்கும், கால் வீங்கும், மூச்சு வாங்கும் என்று டாக்டர் என்னிடம்தான் விளக்கினார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன். முதலில் ஒழுங்காகத்தான் சமைத்தேன். வீக்கம் வடிந்தது. அவள் வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தாள்.

அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோயில் விழுவதற்கு முன்னால் அவள் தங்கையிடம் போனில் பேசியது என் காதில் விழுந்திருந்தது. "உப்புச்சப்பில்லாத மனுஷன்டி. எத்தனை காலந்தான் ஓட்டறது? உன்கூட வந்து இருந்துடறேன்." நான் கோபப்படவில்லை. அது என் சுபாவமும் இல்லை. ஆனால் இப்போது அவள் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டால் போய் எட்டிப்பார்ப்பேன். பேக்கரியிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்து, வாசலில் அவள் செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பேன். கிடக்கும். திரும்பிப் போவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவேன்.

ரொட்டிக்குள் போகும் உப்பு நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. சூப்பில் எலுமிச்சையும் மிளகும் தூக்கலாக இருந்தால் அங்கேயும் அப்படித்தான்.

கால் மறுபடி வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"சாப்பாட்டுல உப்பு சேருதாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இவரா? நான் கெஞ்சினாக்கூட ஒரு கல்லு போட மாட்டார் டாக்டர்" என்று சொல்லி அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

பிறகு ஒரு பழக்கமாகிவிட்டது. அவள் தேறினால் உப்பைக் கூட்டுவேன். மிகவும் திணறினால் குறைப்பேன். ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை நான்.

ஒருநாள் தங்கை வந்தவள் அக்காவின் கிண்ணத்திலிருந்து சூப்பை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"என்ன அத்தான், இதுல உப்பு இருக்கே?"

"ஐயோ, என்னோடது மாறிப்போச்சும்மா."

"நல்லவேளை, நான் குடிச்சேன். அக்கா, நாளைக்குக் கார் எடுத்துட்டு வரேன். கொஞ்ச நாள் எங்க வீட்டுல இரு."

"சரிடி" என்றாள் என் மனைவி. உடனே சொன்னாள், சார். என்னைக் கேட்கவில்லை.

அதன்பிறகு அவள் சாப்பிட்டதில் எல்லாம் என் கை தாராளமாகவே இருந்தது. நீர் பிரிவதற்கான மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவளால் படுத்திருக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தாள். "ஆம்புலன்ஸ்... கூப்பிடுங்க" என்றாள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை அப்படியே அழைத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். தங்கை வந்தபோது என் சட்டையை இறுக்கியிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. விட்டுப் போக நினைக்கிறவள் அப்படிப் பிடித்துக்கொள்வாளா, சார்?