அண்ணி கேட்ட சாம்பல் நிறம்

துணி வாங்கும்போது அவசரப்படக் கூடாது. கடைக்குள் எரியும் குழல்விளக்கு எல்லா நிறத்தையும் பொய்யாக்கிவிடும். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்காமல் நான் எதையும் வெட்டச் சொன்னதில்லை.

இருபத்தோரு வருடமாக அண்ணியோடு துணிக்கடைக்குப் போகிறேன். பை தூக்குவது நான். துண்டு போட்டு, இஸ்திரி செய்து, வரிசையாக அடுக்கிக் கொடுப்பதும் நான். தைப்பது மட்டும் அண்ணி. வருடா வருடம் போர்வைக் கண்காட்சியில் அவருடைய ஒட்டுத்துணிப் போர்வை நடுச்சுவரில் தொங்கும். மூன்றாம் பரிசோ ஆறுதல் பரிசோ கிடைக்கும். இரண்டு தடவை நானும் தைத்துக் கொடுத்தேன். கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டினார்கள். அண்ணி வந்து பார்த்தார்.

“தையல் பரவாயில்ல. நிறந்தான் கண்ணைக் குத்துது. உனக்கு எதுக்குடி இந்த வேலை?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பமானவள் இல்லை.

பிறகு அண்ணிக்குக் கண்ணில் அழுத்தம் என்று தெரிந்தது. தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து. தவறினால் பார்வை போகும், போனால் திரும்பாது என்றார் டாக்டர். அண்ணன் வேலையாக வெளியூரில் இருந்ததால் என்னிடம்தான் சொன்னார். அண்ணிக்குத் தானே விட்டுக்கொள்ள வராது, பாதி கன்னத்தில் வழிந்துவிடும். நான் விட்டேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

முதலில் கருநீலம் எது, கறுப்பு எது என்று கேட்டார். கொஞ்ச நாளில் எல்லா நிறத்தையும் என்னிடமே கேட்டார். கண்காட்சிக்கு ஆறு மாதம் இருக்கும்போது அவருக்கு நிழல் மட்டும்தான் தெரிந்தது. அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றார். தைப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். நானும் சொல்லவில்லை.

கடையில் சாம்பல் நிறம் எட்டு மீட்டர் கேட்டார். நான் செங்கல் சிவப்பைக் காட்டினேன்.

கடைக்காரர் என் காதருகே குனிந்து, “சாம்பல்னுதானே கேட்டாங்க?” என்றார்.

“வெட்டுங்க, நான் பேசிக்கிறேன்.”

வெள்ளைக்கு மஞ்சள் எடுத்தேன். இளநீலத்துக்குக் கிளிப்பச்சை. அண்ணி துணியைத் தடவி, “அடிக்கிற மாதிரி இல்லையே?” என்றார். “புறா நிறம் அண்ணி, சாதுவா இருக்கு,” என்றேன். நான் அடுக்கிக் கொடுத்த வரிசையில் விரலால் தடவித் தடவியே முழுப் போர்வையையும் தைத்து முடித்தார். கைக்காரிதான். அதை நான் மறுக்கவில்லை.

போர்வையை வாசலுக்கு நேரே மாட்டியிருந்தார்கள். முதல் பரிசு. நடுவர் அம்மாள் மைக்கில், “இத்தனை வருஷமா பயந்து பயந்து நிறம் வச்சாங்க. இப்பதான் துணிஞ்சிருக்காங்க. அந்தச் செவப்பைப் பாருங்க!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார்.

“செவப்பா? நான் செவப்பு வாங்கவே இல்லையே.”

போர்வை முன்னால் கூட்டிப்போகச் சொன்னார். ஒவ்வொரு துண்டாகத் தொட்டு நிறம் கேட்டார். இந்த முறை உள்ளதைச் சொன்னேன். கடைசித் துண்டில் கையை வைத்தபடியே என் பக்கம் திரும்பினார். அண்ணி முட்டாள் இல்லை.

“முதல் வாரம் மருந்து விட்டப்ப எரிஞ்சுது. அப்புறம் எரியவே இல்லையே. ஏன்டி?”

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எரியாது. பதினான்கு மாதமாக அதைத்தான் விட்டேன். மருந்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அதே குப்பியைக் கழுவி நிரப்பினேன். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கண் விஷயம் அல்லவா.

வருத்தம் உண்டா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். இல்லை. கண் நன்றாக இருந்த காலத்தில் அவருக்கு ஒரு முதல் பரிசு உண்டா? வாங்கிக் கொடுத்தது நான். அந்தச் சிவப்பு என்னுடையது. உங்கள் தாளில் வேறு எதை எழுதினாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

புகார் அண்ணியே கொடுத்தது என்கிறீர்கள். கையெழுத்து அவருடையதுதான், கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. போடுவதற்கு முன் அதை யாராவது வரி விடாமல் படித்துக் காட்டினீர்களா? அவருக்குக் கண் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். பக்கத்தில் நான் இல்லாவிட்டால் ஏமாற்றிவிடுவார்கள்.